ஆனைக்கல் ஆபீசில் பூட்டாத பூட்டு

பிரேமினி கடை ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டாள். காலையில் லிந்துலைப் பள்ளிக்கூடம் ஒன்றின் பிரிண்டருக்குள் செத்துக்கிடந்த பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு வந்தவளுக்கு, மத்தியானச் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. தடுமன் வேறு. வீட்டுக்குப் போய் போர்வைக்குள் புகுந்துகொண்டால் போதும் என்றிருந்தது. ஹட்டன் பஜாரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை லேசில் வாய்ப்பதில்லை. பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே, சேறு படிந்த ஒரு சோடி செருப்பு வந்து நின்றது.

"அக்கா, மூடிறாதீங்க. பொகவந்தலாவையிலருந்து வர்றேன்."

குனிந்து உள்ளே வந்தவள் இருபத்திரண்டு வயதுக்குள் இருப்பாள். பெயர் பிரியந்தி. ஆனைக்கல் தோட்டத்து ஆபீசில் தற்காலிகமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அம்மா காளியாயி அதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். குடியிருப்பது லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் அவள் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் போனில் எடுத்திருந்த ஒரு படத்தைக் காட்டினாள். கம்ப்யூட்டர் திரையில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி: 'தரவுக் கோப்புறையை உருவாக்க முடியவில்லை.'

"புரோகிராம் பேரு கொழுந்து" என்றாள் பிரியந்தி. "தராசுல விழுற எடைய அதுவே எழுதிக்கும். மத்த டிவிசன்ல எல்லாம் ஓடுது. எங்க ஆபீஸ்ல மட்டும் தொடங்குறப்பவே இப்படிச் சொல்லிட்டு மூடிக்குது. எத்தன தடவ அழிச்சிட்டுப் போட்டாலும் இதே கததான்."

"புரோகிராம் செஞ்சவங்க என்ன சொல்றாங்க?"

"கொழும்புலருந்து போன்லதான் பேசினாங்க. டி டிரைவ்ல கொழுந்துன்னு இருக்கான்னு கேட்டாங்க. பாத்துட்டு இருக்குன்னேன். 'இருக்கிறதத் தொறக்க முடியலைன்னா யாரோ வேணும்னே பூட்டி வச்சிருக்காங்க'ன்னு தோட்டத்துத் தொரைக்கு ஈமெயில் அனுப்பிட்டாங்க அக்கா. ஆபீஸ்ல நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கிறவ நான் ஒருத்திதான்."

பிரேமினி ஷட்டரிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னைக்குக் காலையில பெரட்டுல வச்சே தொரை சொல்லிட்டாரு" என்று பிரியந்தி தொடர்ந்தாள். விடிந்ததும் வேலை பிரித்துக் கொடுப்பதற்காகத் தோட்டமே கூடி நிற்கும் இடம் பெரட்டுக்களம். "'நம்ம லயத்துலருந்து ஒரு புள்ளைய நம்பி ஆபீசுல உக்கார வச்சோம், அது நமக்கே குழி பறிச்சிருச்சு'ன்னாரு. முன் வரிசையில எங்கம்மா நின்னாங்க. கூடையத் தூக்கக்கூட மறந்துட்டு நின்னாங்க அக்கா. அந்தி நிறுவைக்குள்ள புரோகிராம் ஓடலைன்னா என்னைய வேலையவிட்டு நிப்பாட்டச் சொல்லி மேலிடத்துக்கு லெட்டர் போயிரும். இனிமே லயத்துலருந்து ஒரு பொம்பளப் புள்ளையையும் ஆபீஸ் வாசப்படி ஏற விடமாட்டாங்க."

அவள் போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். "நான் செய்யல. ஆனா அத எப்படிக் காட்டுறதுன்னு தெரியல."

பிரேமினி ஒரு பெருமூச்சு விட்டாள். ஷட்டரை முழுதாக இறக்கினாள், வெளிப்பக்கத்திலிருந்து.

முத்துலிங்கத்தின் ஆட்டோ எப்போதும் கடைக்கு எதிரேதான் நிற்கும். ஐம்பது வயதாகியும் துப்பறியும் கதைப் பைத்தியம் தெளியாத மனுஷன். சீட்டுக்கடியில் அட்டை கிழிந்த புத்தகங்கள் எப்போதும் இருக்கும். தன் மகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் பிரேமினியை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார். நோர்வூட் தாண்டுவதற்குள் பிரியந்தியிடமிருந்து முழுக் கதையையும் கறந்துவிட்டார்.

"சதிதான் மிஸ். சந்தேகமே வேணாம். இந்தப் புரோகிராம் வந்தா யாருக்கு நட்டம்? அதப் பாத்தா ஆளு தன்னால சிக்கிருவான்."

"ரோட்டப் பாருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பிரேமினி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கத்தான் நினைத்தாள். பொகவந்தலாவை ரோட்டின் குழிகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

ஆனைக்கல் ஆபீஸ் பழைய வெள்ளைக்காரன் காலத்துத் தகரக் கூரைக் கட்டடம். வாசலில் பெரிய கிளாக்கர் கஜேந்திரன் நின்றிருந்தார். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர். நெற்றியில் திருநீறு, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. பிரியந்தியைக் கண்டதும் அவர் பார்வை வேறு பக்கம் போய்விட்டது. பிரேமினியிடம் புத்தம்புதிதாக ஒரு வருகைப் புத்தகத்தை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. பழசு முடிஞ்சிருச்சு. நீங்கதான் முதல் ஆளு."

அட்டையில் அழகான கையெழுத்தில் பெயர் எழுதியிருந்தது. முதல் பக்கத்தில் வேறொன்றும் இல்லை. உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் பக்கத்தில் காய்ந்த சந்தனப் பொட்டு. பிரேமினி அதற்குக் கீழே கையெழுத்திட்டாள்.

"எந்தப் புத்தகமா இருந்தாலும் முதல்லயே சுழி போட்டுருவீங்களா ஐயா?"

"பின்ன? பேரெழுதி, நல்ல நேரத்துல சுழி போட்டுத்தான் அலமாரியில வைப்பேன். எழுதுறவங்க எப்ப வேணா எழுதிக்கட்டும். வேலைக்குச் சேந்த நாள்லருந்து எனக்கு அதுதான் பழக்கம்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "புதுப் புரோகிராம் சங்கதி எனக்குத் தெரியாதும்மா. அத நான் தொட்டதே இல்ல. கம்ப்யூட்டர்ல நோட்டீஸ் அடிக்கிறதோட சரி."

உள்ளே கம்ப்யூட்டருக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. கீபோர்டின் இடுக்குகளில் வெளிர் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. தரையில் சப்பாத்துச் சேறு. முத்துலிங்கம் அதைக் கண்டதும் அங்கேயே குந்திவிட்டார்.

"மிஸ்! தடம்!"

தடத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்து அறையிலிருந்து வந்தார். கண்டாக்கு தர்ஷன், மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தர். அவர் தராசுக்குப் பக்கத்தில் நின்றால் கொழுந்தின் நிறை தானாகவே கொஞ்சம் குறையும் என்று லயத்தில் பேச்சு. தராசே நிறையை எழுதிக்கொள்ளத் தொடங்கிவிட்டால் அந்த வித்தை பலிக்காது. வரும் வழியில் பிரியந்தி இதைச் சொன்னதிலிருந்து முத்துலிங்கம் ஆளை மனதுக்குள் விலங்கு மாட்டி வைத்திருந்தார்.

"நீங்க எதுக்கு இந்த ரூமுக்கு வந்தீங்க?" என்றார் முத்துலிங்கம், போலீஸ் தோரணையில்.

"நீ யாருய்யா என்னையக் கேக்க?" என்று தர்ஷன் சீறினார்.

"அண்ணே, தடத்த நல்லாப் பாருங்க" என்றாள் பிரேமினி அலுப்பாக. "கதவுலருந்து நேரா செவுத்துப் பிளக்குக்குப் போயி அப்படியே திரும்பிருச்சு. கதிரைப் பக்கம் சேறே இல்ல. போன் சார்ஜ் போட வந்திருக்காரு, அவ்வளவுதான்."

தர்ஷன் கையிலிருந்த சார்ஜரைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். முத்துலிங்கம் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். அவருக்கு மனசே இல்லை.

பிரேமினி கதிரையில் உட்கார்ந்தாள். "பாஸ்வேர்ட் என்ன?"

பிரியந்தி பதில் சொல்லும் முன்பே முத்துலிங்கம் உரக்க வாசித்துவிட்டார். அது திரையின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பூட்டியவள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒருத்திதான் என்ற துரையின் வாதம் அத்தோடு பாதி செத்துவிட்டது.

அவள் முதலில் புரோகிராமைத் தொடங்கிப் பார்த்தாள். அதே வரி வந்தது, அதே மாதிரி மூடிக்கொண்டது. டி டிரைவில் இடம் தாராளமாக இருந்தது. வெறுமனே ஒரு புதுக் கோப்புறை உண்டாக்கிப் பார்த்தாள். தடையில்லாமல் உண்டாயிற்று. வைரஸும் இல்லை. ஆக, எழுதுவதற்கு இடமும் உண்டு, உரிமையும் உண்டு. ஆனாலும் இந்த ஒரு பெயரில் மட்டும் கோப்புறை உண்டாகமாட்டேன் என்கிறது.

டி டிரைவின் பெயர்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். படங்கள், சம்பளம், நோட்டீஸ், எல்லாவற்றுக்கும் முன்னால் மஞ்சள் நிறச் சின்னம் இருந்தது. 'கொழுந்து' என்று ஆங்கில எழுத்தில் இருந்ததற்கு முன்னால் மட்டும் வெள்ளைச் சின்னம். பக்கத்தில் ஒரு தேதி.

அந்தத் தேதியைப் பார்த்ததும் அவள் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"பிரியந்தி, புரோகிராம் சீடி என்னைக்கு வந்திச்சு?"

"தீவாளிக்குக் கொஞ்சம் முன்னால அக்கா."

"விஜயதசமி அன்னைக்கு நீ எங்க இருந்த?"

"மஸ்கெலியாவுல. அக்கா வீட்டுல, புள்ளைக்குப் பேர் வச்சாங்க. பூசை நாளு முழுக்க லீவுல இருந்தேன்."

"ஆபீஸ்ல பூசை யாரு போட்டாங்க?"

"எப்பவும் பெரிய கிளாக்கர் ஐயாதான். சாவி அவர்கிட்டதான் இருக்கும்."

பிரேமினி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. தெரிந்ததில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. கெட்டவன் ஒருவன் அகப்பட்டிருந்தால் மனசுக்குச் சுகமாக இருந்திருக்கும். இங்கே அப்படி ஒருவனும் இல்லை.

"தொரையக் கூப்பிடு" என்றாள். "எல்லாரையும் கூப்பிடு."

தோட்டத்துரை ஜீவராஜ் வந்தார். நாற்பது வயதுக்குள் நரைத்துவிட்ட ஆள், மேலிடத்துப் போன் அழைப்புகளிலேயே பாதி உயிரை விட்டவர். நாளை மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள். கையில் இன்னும் ஒட்டாத லெட்டர் உறை ஒன்று இருந்தது. பிரியந்தி அதையே பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"சொல்லுங்க மிஸ். பூட்டினது யாரு?"

"யாரும் பூட்டல சார். கொழும்புல கேட்ட கேள்வியிலதான் பிழை. கொழுந்துன்னு இருக்கான்னு கேட்டாங்க, இந்தப் புள்ள இருக்குன்னா. அது உண்மைதான். ஆனா இருக்கிறது என்னன்னு யாரும் கேக்கல."

"புரியலையே."

"ஃபோல்டர்ங்கிறது சாமான் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி. ஃபைல்ங்கிறது ஒத்தத் தாளு. ஒரே இடத்துல ஒரே பேர்ல ரெண்டும் இருக்க முடியாது. அந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு தாள் வந்து உக்காந்திருக்கு. அதனால புரோகிராமால பெட்டிய உண்டாக்க முடியல. எத்தன தடவ அழிச்சிட்டுப் போட்டாலும் தாளு மட்டும் அங்கேயே இருக்கும். ஏன்னா அது புரோகிராம் போட்டதில்ல."

"அப்ப யாரோ வேணும்னுதானே போட்டிருக்காங்க!" என்றார் முத்துலிங்கம். நம்பிக்கை அவரை இன்னும் விடவில்லை.

"அத முதல்ல தேதிகிட்ட கேப்போம் அண்ணே. இந்தத் தாளு உண்டானது விஜயதசமி அன்னைக்கு. புரோகிராம் வந்ததோ அதுக்குப் பின்னால. அன்னைக்குப் பிரியந்தி மஸ்கெலியாவுல இருந்திருக்கா. வராத புரோகிராமோட பேரும் அது சாமான் வைக்கிற இடமும் அப்ப யாருக்குத் தெரியும் சார்?"

ஜீவராஜ் நெற்றியைத் தேய்த்தார். "மேலிடத்துலருந்து முன்கூட்டியே அறிவிச்சிருந்தாங்க. எனக்குத் தெரியும். கஜேந்திரனுக்கும் தெரியும்."

"நீங்க பூசைக்கு வந்தீங்களா?"

"நான் கண்டிக்குப் போயிட்டேன்."

தகரத்தில் மழை விழத் தொடங்கியிருந்தது. பிரேமினி கீபோர்டைத் தூக்கிச் சாய்த்துக் காட்டினாள்.

"இந்த இடுக்குல ஒட்டியிருக்கிறது சந்தனம். பொட்டு வச்சா கீபோர்டோட மேல் ஓரத்துலதான் வைப்பாங்க. இது எழுத்துக்கு எழுத்து ஒட்டியிருக்கு. சந்தனம் காயாத விரலால யாரோ டைப் பண்ணியிருக்காங்க." பிறகு குரலைத் தணித்தாள். "தாளுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோமா ஐயா?"

கடைசிச் சொல் கஜேந்திரனை நோக்கிப் போயிற்று. பிரேமினி வெள்ளைச் சின்னத்தைத் திறந்தாள். திரை முழுக்க வெறுமை. உச்சியில், நடுவில், ஒரே ஒரு எழுத்து.

உ

"அட பிள்ளையாரப்பா!" என்றார் முத்துலிங்கம். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்ச கத இதுதானா?"

யாரும் சிரிக்கவில்லை. கஜேந்திரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசா ஒரு புத்தகம் வரப்போவுதுன்னுதான் நெனச்சேன்" என்றார். "கம்ப்யூட்டர் புத்தகமா இருந்தா என்ன, வெறும் பக்கத்துல தொடங்கக் கூடாதில்லையா? அந்த இடத்துல பேர் எழுதிச் சுழி போட்டேன். பேருக்குப் பின்னால ஒரு புள்ளியும் மூணு எழுத்தும் வாலு மாதிரி தொங்கிச்சு. சாமி பேருல தொடங்கினதுக்கு வாலு எதுக்குன்னு வெட்டினேன். 'இத மாத்தினா பாவிக்க முடியாமப் போகலாம், சம்மதமா'ன்னு கேட்டுச்சு. நல்ல நேரம் முடியப்போவுதுங்கிற அவசரம். சம்மதம்னு அழுத்திட்டேன்."

"அந்த வாலு இருந்திருந்தா ரெண்டும் வேற வேற பேரு. ஒரு தொல்லையும் வந்திருக்காது ஐயா" என்றாள் பிரேமினி.

"அப்ப வேணும்னு செய்யல. தெரியாமச் செஞ்சதுதான்" என்றார் ஜீவராஜ். மூச்சு விட்டதில் தோள் இறங்கியது. உறையை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "சரி, முடிஞ்சுது. பிரியந்தி, வேலையப் பாரும்மா."

பிரியந்தி சுவரை விட்டு அசையவில்லை.

"சார், ஐயா வேணும்னு செய்யல. நான் அதச் சொல்லல." அவள் கஜேந்திரன் பக்கம் திரும்பினாள். "ஐயா, புரோகிராம் ஓடலைன்னதும் உங்களுக்கு அந்த 'சம்மதம்' ஞாபகம் வரலையா?"

கஜேந்திரனின் கண்கள் கலங்கின. "வந்திச்சும்மா. நான் எதையோ கெடுத்துப்புட்டேன்னு பயந்தேன். ஓய்வுக்குப் போற வயசுல ஒரு கெட்ட பேரு வேணாம்னு வாய மூடிக்கிட்டேன்."

"நான் செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும். காலையில பெரட்டுல தொரைக்குப் பக்கத்துலதான நின்னீங்க?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி சுமந்தவள் நேருக்கு நேர் நின்று கேட்கும்போது, அந்தச் சொலவடையைச் சொல்லித் தப்ப யாராலும் முடியாது. கஜேந்திரன் தலை குனிந்தார். முத்துலிங்கம்கூட வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரட்டுக்களத்துல வச்சுத்தான் சொன்னீங்க சார்" என்று பிரியந்தி துரையிடம் திரும்பினாள். "லெட்டரக் கிழிச்சிட்டீங்க. பெரட்டுல சொன்னத எப்படிக் கிழிப்பீங்க? எங்கம்மாவுக்கு அது இன்னும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும்."

ஜீவராஜ் குப்பைக் கூடையில் கிடந்த உறைத் துண்டுகளைப் பார்த்தார்.

பிரேமினி திரைப்பக்கம் திரும்பி வேலையை முடித்தாள். சுழி போட்ட தாளை எடுக்கப் போனபோது கஜேந்திரன் பதறினார். "அழிச்சிருவீங்களாம்மா?"

"இல்லைங்க ஐயா. கொஞ்சம் நகத்தி வைக்கிறேன்."

தாள் நகர்ந்தது. புரோகிராமைத் தொடங்கினாள். இந்த முறை அந்த ஒற்றை வரி வரவில்லை. டி டிரைவில் மஞ்சள் சின்னத்தோடு புதிதாக ஒரு கொழுந்து உண்டாயிற்று. நகர்த்தி வைத்த சுழியை அவள் அதற்குள்ளேயே கொண்டுபோய் வைத்தாள். "வாசல அடைச்சிக்கிட்டு இருந்தவர உள்ள உக்கார வச்சாச்சு. இனி அவர் பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். தலை விண்விண் என்று தெறித்தது.

வெளியே சங்கு ஊதியது. அந்தி நிறுவை. பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வந்து நின்றார்கள். பாரத்தில் கழுத்து வளைந்து, மழையில் நனைந்து, பேசக்கூடத் தெம்பில்லாமல் நின்றார்கள். ஜீவராஜ் குடையை விரித்துக்கொண்டு அங்கே நடந்தார். கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"சார், நான் சொல்றேன்" என்றார் கஜேந்திரன். குடையில்லாமலே பின்னால் வந்திருந்தார்.

அவர் சொன்னார். பிழை தன்னுடையது, விஜயதசமியன்று தன் கையால் நேர்ந்தது, தெரிந்துகொண்டே பேசாமல் இருந்ததும் தான்தான், அந்தப் பிள்ளைமேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். தகரத்தில் மழை இரைந்தது. அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. முன்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசை அசையாமல் நின்றது.

முன்வரிசையில் ஒரு பெண் சாக்கை இறக்கிக் கீழே வைத்தாள். நெற்றியில் கூடையின் தலைக்கயிறு அழுத்திய தழும்பு சிவந்திருந்தது. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிரியந்தியின் அதே கண்கள்.

"எம் மக பேரச் சொல்லலையே, ஐயா" என்றாள் காளியாயி. "அந்தப் புள்ள, இந்தப் புள்ளன்னா யாருக்குத் தெரியும்? பேரச் சொல்லிச் சத்தமாச் சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

கஜேந்திரன் மழைக்கு மேலே குரலை உயர்த்தி, முதலிலிருந்து மறுபடி சொன்னார்.